குட்டி யானையில் ஏறாத பக்கி

நாலு சக்கரம், ஒரே ஒரு சீட்டு, சுற்றிலும் இரும்புக் குழாயில் ஒரு கூண்டு. சேற்றில் போகும். மணலில் போகும். பெரிய கல்லில் ஏறி அந்தப் பக்கம் குதிக்கும். ஆனால், தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து புது பஸ் ஸ்டாண்டுக்குப் போகச் சொன்னால் மட்டும் போகாது. போகவும் கூடாது. நம்பர் பிளேட் இல்லையே பாஸ்!

'ஆல் டெரைன் வெஹிக்கிள்' என்று பெயர். ஏ.டி.வி. என்று சுருக்கிச் சொல்வார்கள். நம்ம பசங்க பாஷையில் பக்கி. எல்லா நிலத்திலும் ஓடுவேன் என்று பெயரிலேயே எழுதி ஒட்டிக்கொண்டு திரியும் இந்த வண்டிக்கு ஆகாத ஒரே நிலம், தார் ரோடு. 1970-ல் ஹோண்டா கம்பெனி மூன்று பலூன் டயர் வைத்து அமெரிக்காவில் இறக்கிய வண்டியும் சரி, 1980-களில் சுசுகி கொண்டுவந்த நாலு சக்கர வண்டியும் சரி, காட்டுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் இன்னொரு வண்டியின் முதுகில் ஏறித்தான் போகணும். (அந்த மூன்று சக்கர வண்டி கவிழ்ந்து கவிழ்ந்து ஆட்களைப் பதம் பார்த்ததில், 1988-ல் அமெரிக்காவில் அதன் விற்பனையையே நிறுத்தினார்கள். அது தனிக் கதை.)

நம்ம ஊர் காலேஜ்களில் இந்த வண்டியைக் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். வெல்டிங் அடித்துச் செய்வார்கள். காரணம், பாஹா. 1976-ல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த போட்டி அது. 2007-ல் இந்தியாவுக்கு வந்தது. இடம், மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் பக்கம் இருக்கிற பீதாம்பூர். மாணவர்களே டிசைன் போட்டு, அவர்களே செய்து, அவர்களே ஓட்டணும். எல்லா டீமுக்கும் ஒரே மாதிரி சின்ன என்ஜின்தான். ரொம்ப வருஷத்துக்கு அது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனியின் பத்து குதிரைசக்தி என்ஜின். பிரேக் டெஸ்ட், மேடு ஏறுவது எல்லாம் முடிந்து, கடைசியில் நாலு மணி நேர ரேஸ். அதில் முழுசாகத் திரும்பி வரும் வண்டிகளை விட, பாதியில் ஓரம் கட்டும் வண்டிகள்தான் அதிகக் கதை சொல்லும்.

இந்தப் பசங்களின் டிசைன் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பாருங்கள். சஸ்பென்ஷனுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். ஸ்டீயரிங்குக்குத் தனி அத்தியாயம் இருக்கும். செய்து முடித்த வண்டியைப் போட்டி நடக்கும் ஊருக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதற்கு ஒரு வரி இருக்காது. தூத்துக்குடியிலிருந்து பீதாம்பூர் ரோட்டில் 1,800 கிலோமீட்டருக்குக் குறையாது. அத்தனை தூரமும் பக்கி ஓடப் போவதில்லை, சவாரி போகப் போகிறது. அந்தச் சவாரிக்கும் ஒரு பாடம் உண்டு என்று எனக்குக் காட்டிய ஊர், தருவைகுளம்.

டேப் சொன்ன உண்மை

தூத்துக்குடி பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் டீம் ஒன்று. காலேஜ் பெயர் வேண்டாமே! டீமில் ஒருத்தன் தருவைகுளத்துக்காரன். அப்பா கடலுக்குப் போகிறவர். தாய்மாமா மீன் லோடு ஓட்டுகிறவர். ஊருக்கு மேற்கே அவர்களுக்குத் தெரிந்தவர் ஒருவரின் பனங்காடு சும்மா கிடக்கிறது. "டெஸ்டிங்க எங்க ஊர்ல வச்சுக்கலாம்டே. குண்டும் குழியும் ஃப்ரீ, மீன் சாப்பாடும் ஃப்ரீ" என்று கூப்பிட்டான். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன்.

முதலில் பேசி வைத்திருந்த வண்டி குட்டி யானை. டாடா ஏஸ் என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? 2005 மே மாதம் வந்த வண்டி அது. இரண்டே சிலிண்டர், 702 சிசி டீசல் என்ஜின், முக்கால் டன் பாரம். வடக்கே 'சோட்டா ஹாத்தி' என்றார்கள், இங்கே நாம் குட்டி யானை ஆக்கிவிட்டோம். வீடு மாற்றுவதிலிருந்து மைக் செட் ஏற்றுவது வரைக்கும் தமிழ்நாட்டுக்கு அதுதான் கதி. பக்கியின் எடை 180 கிலோ. முக்கால் டன் வண்டிக்கு அதெல்லாம் ஒரு வெயிட்டா?

வெயிட் பிரச்னை இல்லை. அகலம்தான் பிரச்னை. பாஹா விதிப்படி வண்டியின் அகலம் அதிகபட்சம் 162 சென்டிமீட்டர். நம்ம டீம் கவிழாமல் இருக்கட்டும் என்று 160 வரைக்கும் போயிருந்தது. குட்டி யானையின் தொட்டி ஏழடி நீளம், ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைந்த அகலம். அதாவது 150 சென்டிமீட்டரைத் தொடாது. டேப்பை விரித்துப் பிடித்த பையன் ஒரு தடவை அளந்தான். இன்னொரு தடவை அளந்தான். டேப்பைத் திருப்பிப் பிடித்தும் அளந்தான். பத்து சென்டிமீட்டர் எங்கேயும் போகவில்லை.

"சைடு பலகையை இறக்கிட்டா டயர் வெளிய நிக்கும்லா, அப்படியே போயிரலாம்" என்று ஒரு யோசனை வந்தது. போகலாம். ஆனால் 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்தில், பாரம் வண்டி பாடிக்கு வெளியே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இருந்தால் அபராதம் 20,000 ரூபாய். பாரத்தை இறக்குகிற கூலியும் நம்ம தலையில்தான். டீம் பட்ஜெட்டில் நாலு டயர் வாங்குகிற காசு அது! அபராதத்தை விடுங்கள். இருட்டில் எதிரே பைக்கில் வருகிறவர் வண்டியின் ஹெட்லைட்டைப் பார்த்துத்தான் ஒதுங்குவார். ஹெட்லைட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற டயரை யார் பார்ப்பது?

கடைசியில் மாமாவுக்கு போன். பொலீரோ பிக்கப். ஒன்பதடி நீளம், ஐந்தரை அடி அகலம். ஒரு பக்கத்துக்கு மூன்று விரல் இடைவெளி மிச்சம். "நாளைக்கு லோடு இல்ல. வாரேன். தொட்டியக் கழுவிட்டு வரணுமா, அப்படியே வரணுமா?" என்றார் மாமா. அப்படியே வாங்க என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாசம் டீம் டி-ஷர்ட்டில் எத்தனை நாள் இருந்தது என்பதை அவரவர் ஹாஸ்டல் ரூம்மேட்டிடம் கேட்டுக்கொள்ளலாம்.

உப்புக்கும் கடலுக்கும் நடுவே

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் அரை மணி நேரத்தில் தருவைகுளம். இரண்டு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியாக வெயில் படுத்துக் கிடக்கும். ஓரத்தில் உப்பு அம்பாரம் ஓலைத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும். உப்பு உற்பத்தியில் நாட்டிலேயே குஜராத்துக்கு அடுத்து நாம்தான் என்று படித்திருப்பீர்கள். அதைப் படிப்பது வேறு, மத்தியானம் ஒரு மணிக்கு அந்த வெள்ளை வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு போவது வேறு. கூலிங் கிளாஸ் கொண்டுபோங்கள். ஸ்டைலுக்கு இல்லை.

ஊருக்குள் திரும்பினால் காற்று மாறும். கோயில் கோபுரம் தெரியும். இங்கே கோயில் என்றால் மாதா கோயில், சர்ச். அப்புறம் வலை. திண்ணையில், மர நிழலில், ரோட்டோரத்தில் எங்கே பார்த்தாலும் வலை. தூத்துக்குடி துறைமுகத்து இழுவைப் படகுகள் காலையில் போய் ராத்திரி திரும்பும். தருவைகுளத்துப் படகுகள் அப்படி இல்லை. பருவலை என்கிற பெரிய கண் வலையை ஏற்றிக்கொண்டு போனால் நாள்கணக்கில் கடலிலேயே தங்கல். சூரை, நெய்மீன், தளப்பத்து என்று பெரிய மீன்களைத் தேடி ஆழ்கடலுக்குப் போவார்கள். எவ்வளவு தூரம்? 2023 அக்டோபரில் இந்த ஊர் படகு ஒன்று பன்னிரண்டு பேரோடு மாலத்தீவு கடலோரக் காவல் படையிடம் மாட்டியது. 2024 ஆகஸ்டில் இந்த ஊரைச் சேர்ந்த 22 பேரை இலங்கைக் கடற்படை பிடித்தது. பேப்பரில் ஒரு பத்தியாகப் படித்த செய்தி, ஊருக்குள் நிற்கும்போது வேறு மாதிரி கனக்கிறது. அவ்வளவு தூரம் போய், அவ்வளவு பயத்தைத் தாண்டிக் கொண்டுவரும் மீனைக் கரையிலிருந்து சந்தைக்குக் கொண்டுபோவது இந்தப் பிக்கப் வண்டிகள்தான்.

நாங்கள் போன அன்று விடிகாலையில் ஒரு படகு வந்தது. பக்கியை இறக்குவதற்கு முன்னால் கரையில் மீன் ஏற்றுவதைப் பார்த்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், எந்த லாஜிஸ்டிக்ஸ் வகுப்பிலும் இதை நடத்த மாட்டார்கள்.

ஏலம் முடிந்த கையோடு கூடைகள் ஓடி வரும். தொட்டிக்கு அடியில் பலகை. தகரம் உப்புத் தண்ணீரில் ஓட்டை விழுந்துவிடும் என்பதால் பலகை மேல் ரப்பர் ஷீட். அதன் மேல் ஐஸ். மீன் ஒரு பங்கு என்றால் ஐஸும் ஒரு பங்கு. நம்ம வெயிலுக்கு அதுதான் கணக்கு. பெட்டிகளைக் கேபினை ஒட்டி அடுக்கிக்கொண்டே பின்னால் வருகிறார்கள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே விரல் நுழைய இடம் இல்லை. கனமான பெட்டி முன்னால், லேசானது பின்னால். இடுக்கு விழுந்தால் அங்கே காலிச் சாக்கைச் சுருட்டித் திணிக்கிறார்கள்.

"எதுக்கு மாமா இவ்வளவு நெருக்கம்?"

"நகந்தாத்தான் தம்பி எல்லாப் பிரச்னையும். கட்டுறது ரெண்டாவது. நகராம வைக்கிறதுதான் முதல்ல."

அப்புறம்தான் தார்ப்பாய், கயிறு. இந்த லோடு மலையிறங்கிக் கேரளத்துக்குப் போகும். வழியில் எங்காவது பெட்டி சரிந்து ஐஸ் கொட்டினால் மீன் போச்சு. மீன் போனால் பத்து நாள் கடலில் கிடந்தவன் கூலி போச்சு. அதனால்தான் அந்த அடுக்குதலில் விளையாட்டே இல்லை.

மணலில் ஓட்டலாமா?

கடற்கரையைப் பார்த்ததும் டீம் டிரைவருக்குக் கை அரித்தது. நீளமான மணல். யாருமே இல்லாத மாதிரி தெரியும் மணல். "ஒரே ஒரு ரவுண்டு!"

தருவைகுளத்து நண்பன் மறுத்துவிட்டான். யாருமே இல்லாத மாதிரி தெரிந்ததே தவிர, கொஞ்சம் நடந்தால் கருவாடு காய்கிறது. அதற்கு அப்பால் வலை விரித்திருக்கிறது. கருவாட்டுக்குக் காவல் இருந்த பாட்டி, "வண்டி அந்தாக்குல போவட்டும்யா. மண்ணு அடிச்சா ஒரு பய வாங்க மாட்டான்" என்று முடித்துவிட்டார்.

பாட்டி சொல்லாத காரணமும் உண்டு. இந்தக் கடல் மன்னார் வளைகுடா. 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்ட 21 தீவுகள் இதில்தான் இருக்கின்றன. தூத்துக்குடி பக்கத்து விலாங்குசல்லி தீவு கடலுக்குள் மூழ்கியே போய்விட்டது. கரை மணலை லேசாக நினைக்க முடியாத இடம் இது. மணல் மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அடம்பங்கொடி. அதன் மேல் பட்டன் டயர் நாலு தடவை போனால் வேரோடு பிய்ந்துவரும். நம்ம கடற்கரைகளில் முட்டை போட வரும் ஒரு ஆமைக்குத் தமிழில் பெயரே பங்குனி ஆமை. அது முட்டையைப் புதைத்துவிட்டுப் போன இடத்தை மேலிருந்து பார்த்தால் வெறும் மணல். ரைடர் கண்ணுக்கு அது ஜம்ப் அடிக்கத் தோதான மேடு. கடற்கரை ஒழுங்குமுறை விதிகளிலும் மணல் மேட்டைக் கலைப்பது தடைதான். டி.வி. விளம்பரத்தில் அலையோரம் நுரை பறக்கப் போகிற ஏ.டி.வி.யைப் பார்த்து ஏங்குகிறவர்களுக்கு என் பதில்: போட்டோ அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

பனங்காடுதான் சரி. காய்ந்த ஓலை, கரடு தட்டிய மண், மழைத் தண்ணீர் அறுத்த ஓடை, வேர் முடிச்சு. ரெண்டு நாள் அடித்து ஓட்டினார்கள். முன் பக்கக் கை ஒன்று வளைந்தது, நெளித்து நிமிர்த்தினார்கள். கடைசி நாள் சாயங்காலம் பக்கியைத் திரும்ப ஏற்ற வேண்டிய நேரம். எனக்கு இந்தப் பயணத்திலேயே ரொம்பப் பிடித்த ஒன்றரை மணி நேரம் அதுதான்.

மேட்டைக் கண்டால் பின்னால் விடு

வரும்போது காலேஜில் ஏற்றியதற்கு எட்டுப் பேர் இருந்தார்கள். தூக்கி வைத்துவிட்டார்கள். இங்கே நாலு பேர், மாமா, நான். என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பசங்க ஆறடிப் பலகை ரெண்டு கொண்டுவந்து சாய்த்தார்கள். பிக்கப்பின் தொட்டி தரையிலிருந்து சுமார் இரண்டே முக்கால் அடி. ஆறடிப் பலகை என்றால் சரிவு ஏறக்குறைய 27 டிகிரி. அந்தச் சரிவில் 180 கிலோ வண்டியைத் தள்ளுவது, 82 கிலோவைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். என்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஓட்டியே ஏற்றிவிடலாம் என்றான் டிரைவர். மாமா முறைத்தார். முன் சக்கரம் பலகையில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் பின் சக்கரம் பலகையைப் பின்னுக்கு உதைக்கும். பலகை நழுவினால், மேலே இருக்கிற ஆளோடு வண்டி பின்பக்கமாகக் கவிழும். ஏ.டி.வி. ஏற்றும்போது நடக்கிற விபத்துகளில் இது பழைய பாட்டு.

மாமா பலகையைத் தொடவே இல்லை. பிக்கப்பை ஸ்டார்ட் பண்ணி நூறு மீட்டர் தள்ளி ஓட்டிப்போனார். அங்கே ஒரு மண் கரை. அதை ஒட்டி, பின்பக்கம் கரையைப் பார்க்க ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினார். இப்போது கரை மட்டத்துக்கும் தொட்டிக்கும் ஒரு அடிதான் வித்தியாசம். அதே ஆறடிப் பலகை. சரிவு 10 டிகிரிக்கும் கொஞ்சம் குறைவு. தள்ள வேண்டிய பாரம் 82-லிருந்து முப்பதுக்கு வந்துவிட்டது!

"ஐஸ் பாரு ஏத்துறதுக்கு ஆள் இல்லன்னா இப்படித்தான். மேட்டைக் கண்டா வண்டியப் பின்னால விட்டுரணும்." சாய்தளம் பற்றி ஒன்பதாம் வகுப்பில் படித்தது, மூன்றாம் வருஷம் மெக்கானிக்கலில் பயன்பட்டது.

அடுத்த கேள்வி, எந்தப் பக்கம் முன்னால்? பசங்க மூக்கைக் கேபின் பக்கம் வைத்து நேராக ஏற்றத் தயார். மாமா பக்கியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். முன்னால் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், ஈஸியாக வந்தது. பின்னால் தூக்கினார், அசையவில்லை. என்ஜின் எல்லாம் சீட்டுக்குப் பின்னால்தானே! "கனம் கேபின் பக்கம் வரணும். திருப்பு" என்றார். பிக்கப்பின் பின் அச்சுக்கு முன்னால் கனம் இருந்தால் நாலு சக்கரத்துக்கும் பங்கு போகும். பின் அச்சுக்குப் பின்னால் கனம் தொங்கினால் மூக்கு லேசாகத் தூக்கும், ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி ஆகும். அதிலேயே பாதி ஆபத்து.

ஏற்றியாகிவிட்டது. "கியர்ல போட்டு விடு, உருளாது" என்றார் மாமா. இங்கே மட்டும் பசங்க அவருக்குப் பாடம் எடுத்தார்கள். இந்தப் பக்கியில் இருப்பது சி.வி.டி. ஸ்கூட்டியில் இருக்கிற மாதிரி பெல்ட் ஓட்டம். என்ஜின் நின்றுவிட்டால் பெல்ட் பிடியை விட்டுவிடும். கியரில் போட்டு நிறுத்துகிற பேச்சே இல்லை, சும்மா தள்ளினாலே உருளும். கியர் பாக்ஸ் வைத்த வண்டியாக இருந்தால் மாமா சொன்னது சரி. "அப்ப கட்டை குடு" என்றார். நாலு டயருக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை. கட்டை நழுவாமல் இருக்கக் குறுக்கே ஒரு ரீப்பர். பிரேக் பெடலை மிதித்தபடி கயிறு போட்டுக் கட்டினார்கள். பெட்ரோல் டேப்பை மூடி, பேட்டரி வயரைக் கழற்றினார்கள்.

ஸ்பிரிங் மேல் நிற்கிற பாரம்

இனிமேல்தான் கட்டு. டீமிடம் ராட்செட் பெல்ட் நாலு இருந்தது. கூண்டின் நாலு மூலையிலிருந்தும் தொட்டியின் கொக்கிக்கு இழுத்து, கிர்ர் கிர்ர் என்று முறுக்கினார்கள். பெல்ட் தட்டினால் வீணை மாதிரி சத்தம் வந்தது. எனக்குப் பார்க்கப் போதும் என்றுதான் பட்டது.

மாமா தொட்டியில் ஏறிக் கூண்டின் மேல் இரண்டு கையையும் வைத்து முழு பாரத்தையும் போட்டு அழுத்தினார். ஷாக் அப்சார்பர் அமுங்கியது. விறைப்பாக நின்ற பெல்ட் நாலும் துவண்டு தொங்கியது. ஒரு கொக்கி 'டொக்' என்று கழன்று தொட்டியில் விழுந்தது.

யாரும் பேசவில்லை.

"மீன் பெட்டி அமுங்காது தம்பி. இது ஸ்பிரிங் மேல நிக்கிற சாமான். ஸ்பீடு பிரேக்கர்ல குதிச்சா அது கீழ போவும், பெல்ட்டு லூசாவும், கொக்கி வாயத் தொறந்துரும். மேல வரும்போது கட்டே இருக்காது."

பத்தாயிரம் ரூபாய்க்கு ஷாக் அப்சார்பர் வாங்கி, கம்ப்யூட்டரில் அதன் அசைவை வரைந்து பார்த்த பசங்க அவர்கள். அதே அசைவு பிக்கப் தொட்டியிலும் நடக்கும் என்பதை மீன் லோடு ஓட்டுகிறவர் கையை வைத்துச் சொல்லிவிட்டார்.

வழி என்ன? பக்கியின் அடிச்சட்டத்துக்கும் தொட்டிக்கும் நடுவே, ஷாக் பாதி அமுங்குகிற உயரத்துக்குக் கட்டை கொடுத்தார். அப்புறம் பெல்ட்டை முறுக்கிச் சட்டத்தைக் கட்டை மேல் உட்கார வைத்தார். இனிமேல் ஸ்பிரிங் ஆட இடம் இல்லை. பக்கி இப்போது மீன் பெட்டி! ஷாக்கை முழுசாக நசுக்கிக் கட்டக் கூடாது. நாள்கணக்கில் அப்படியே போனால் சீல் கெட்டுவிடும், அதற்கும் இந்தக் கட்டைதான் மருந்து. கொக்கி வாய் ஒவ்வொன்றையும் சணலால் சுற்றினார். பெல்ட் கூர்மையான விளிம்பில் உரசுகிற இடத்தில் பழைய டியூபை வெட்டிச் சொருகினார். முன்னால் இரண்டும் பின்னால் இரண்டும் குறுக்காக, பெருக்கல் குறி மாதிரி. கடைசியாக நாலு டயருக்கும் தனித்தனியாகத் தன்னுடைய நைலான் கயிற்றைப் போட்டார். அவர் போட்ட முடிச்சை மூன்று தடவை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. இழுக்க இழுக்க இறுகுகிறது, ஒரு நுனியை உருவினால் மொத்தமும் அவிழ்கிறது.

இவ்வளவு கட்டு தேவையா என்று கேட்பீர்கள். சரக்கைக் கட்டுவதற்கு ஐரோப்பாவில் வைத்திருக்கும் அளவு இது: முன்பக்கமாகச் சரக்கின் எடையில் 80 சதவீதத்தைத் தாங்கணும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 50 சதவீதம். நம்ம பக்கிக்குக் கணக்கு போட்டால், மாடு குறுக்கே வந்து பிரேக் அடிக்கிற அந்த நொடியில் 144 கிலோ கேபினைப் பார்த்துத் தள்ளும். வளைவில் 90 கிலோ வெளியே இழுக்கும். தொட்டித் தகரம் மீன் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு இருந்தால், தரைப்பிடிப்பு உதவும் என்கிற நம்பிக்கையும் வேண்டாம்.

அந்த 144 கிலோ கணக்கைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்லிவிடணும். கட்டி முடித்ததும் ரெண்டு பசங்க தொட்டியில் ஏறி, கூண்டைப் பிடித்தபடி நின்றுகொண்டார்கள். "நாங்க பிடிச்சுக்கிட்டே வாரோம் மாமா." நம்ம ஊரில் சகஜமான காட்சி. கல்யாணம், கொடை, கட்சி மீட்டிங் எதுவானாலும் லோடு வண்டியின் பின்னால் ஆள்தான். சட்டப்படி சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏறக் கூடாது. மாமா சட்டம் பேசவில்லை. "இறங்குங்கடே. அது கழண்டா நீ பிடிக்க மாட்ட, அதுதான் ஒன்னயப் பிடிக்கும்" என்றார். இறங்கி பஸ்ஸுக்குப் போனார்கள். முணுமுணுத்துக்கொண்டேதான் போனார்கள், அதையும் எழுதணும்லா.

அஞ்சு கிலோமீட்டரில் ஒரு டீ

பிக்கப்பில் கேபினில் உட்கார எனக்கு இடம் கிடைத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஏறி அஞ்சு கிலோமீட்டர்கூட வந்திருக்க மாட்டோம், ஓரம் கட்டினார். டீ குடிக்கவா என்றேன். "டீயும் குடிக்கலாம்" என்றபடி பின்னால் போனார். ஒவ்வொரு பெல்ட்டாகத் தட்டினார். ரெண்டு பெல்ட் தொய்ந்திருந்தது. நைலான் முதல் குலுக்கலில் நீளும். டயர் உட்காரும், கட்டை மண்ணைக் கடித்து இறங்கும். எல்லாம் உட்கார்ந்த பிறகு முறுக்குவதுதான் நிஜமான கட்டு என்றார். மறுபடி அரை முறுக்கு. அதற்குப் பிறகு தூத்துக்குடி வரைக்கும் தொடவில்லை. நீளமான பயணம் என்றால் ஒவ்வொரு டீக்கும் ஒரு தட்டு.

டீக்கடையில் அவர் சொன்னதில் முக்கால்வாசி மீன் லோடு பற்றித்தான். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது படகு இல்லை, அவருக்கும் லோடு இல்லை. வண்டிக்குத் தவணை மட்டும் நிற்காது. கட்டில் பீரோ, கல்யாணப் பாத்திரம், வாழைத்தார் எது கிடைத்தாலும் ஏற்றுவார். "எல்லாச் சாமானும் ஏத்தியாச்சு. இந்தக் கூண்டு வண்டிதான் புதுசு" என்று சிரித்தார். பின்னால் ஒரு பைக்கில் புருஷன், பொண்டாட்டி, நடுவில் ஒரு குழந்தை எங்களைத் தாண்டிப் போனார்கள். தாண்டும்போது குழந்தை பக்கியையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. அவர்கள் ரொம்ப தூரம் போகும்வரை மாமா டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"நம்ம சாமான் விழுந்தா நமக்கு நட்டம். பின்னால வாரவன் என்ன பண்ணான்?"

காலேஜ் வாசலில் இறக்கும்போது மணி எட்டு. பசங்க பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தார்கள். பீதாம்பூருக்குப் பக்கியை மூடிய லாரியில், வேறு சரக்கோடு சேர்த்து அனுப்புவதாக ஏற்பாடு. அந்த லாரி டிரைவர் யார், எப்படிக் கட்டுவார், யாருக்கும் தெரியாது. அதனால் டீம் கேப்டன் ஐஸ் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து, மாமா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தான். அடிக்கட்டையின் உயரம், கட்டையின் எண்ணிக்கை, பெல்ட் போகும் திசை, எந்த விளிம்பில் டியூப் போடணும், எல்லாம். படமும் போட்டான். பெல்ட்டை நல்ல தண்ணியில் அலசிக் காய வைக்கச் சொன்னார் மாமா; உப்பு காய்ந்தால் நைலான் விறைத்து நூல் நூலாக அறுக்குமாம். பேரிங்கையும் கழுவி கிரீஸ் போடச் சொன்னார், அது உப்பளக் காற்றுக்கு.

வாடகையாக டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். தன்னுடைய நைலான் கயிற்றை மறக்காமல் சுருட்டிக் கேபினில் போட்டார். ராத்திரி ஒரு படகு கரைக்கு வருகிறதாம். அதற்கு முன்னால் ஐஸ் ஏற்ற வேண்டும் என்று ஸ்டார்ட் பண்ணிக் கிளம்பிவிட்டார்.